கணனிக்குள் ஒரு நாற்றுமேடை

"பிள்ளை படிக்கட்டும் சுவாமி. ஆனால் இருக்கிற ஒரு கணனியையும் கெடுத்துப்போட்டால் என்ன செய்யிறது?"

இணையத்தளம் அமைக்கப் பழக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. அவர்களது பயம் நியாயமானது. இடம்பெயர்ந்த குடும்பமொன்றிடம் ஒரு மடிக்கணனி இருந்தால், காணி உறுதியின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உறவினரின் படங்கள் யாவும் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் இத்தொழிலைப் பழகுபவர் பிழை விடாமல் பழக முடியாது.

மிளகாய் விதையை நாம் நேரே தோட்டத்தில் போடுவதில்லை. நாற்றுமேடையில் முளைக்க விடுகிறோம். மேடையில் நோய் விழுந்தாலும் தோட்டம் தப்பும். கணனிக்குள்ளும் அப்படி ஒரு மேடை கட்டலாம். அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். கணனியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, தனிக் கணனி போலவே இயங்கும் ஒன்றை மென்பொருளால் உருவாக்குவதே இது. உள்ளே நடக்கும் பிழை வெளியே உள்ள கோப்புகளைத் தொடாது.

இது புதியதல்ல. விலைகூடிய ஒரே கணனியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே இவ்வசதியை அறிமுகப்படுத்தியது. 2007இல் வெளிவந்த வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளால் சாதாரண கணனியிலும் இதனைச் செய்யலாம்.

செய்யும் முறை:

1. வேர்ச்சுவல்பொக்ஸையும், டெபியன் லினக்ஸின் சிறிய நிறுவற் கோப்பையும் இறக்குங்கள். டெபியனும் இலவசமே. ஒருவர் இறக்கினால் மற்றவர்கள் பென் டிரைவில் பிரதி எடுக்கலாம்.

2. புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1 ஜிகாபைட் நினைவகமும் 20 ஜிகாபைட் வன்தட்டும் ஒதுக்குங்கள். வன்தட்டை, தேவைக்கேற்ப வளரும் வகையாகத் தெரிந்தால் 20 ஜிகாபைட்டும் உடனே பிடிபடாது. இயந்திரம் தொடங்க மறுத்தால், கணனியின் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. டெபியனை நிறுவுகையில் எவை வேண்டும் என்று கேட்கப்படும். படங்களுள்ள திரைமுகப்பை விட்டுவிட்டு, இணையச் சேவையகத்தையும் அடிப்படைக் கருவிகளையும் தெரியுங்கள். அப்பாச்சி என்ற சேவையகம் தானாக நிறுவப்படும்.

4. வலையமைப்புப் பகுதியில் 'போர்ட் போர்வேர்டிங்' என்பதைத் திறந்து, ஹோஸ்ட் 8080, கெஸ்ட் 80 என்று இடுங்கள். உங்கள் கணனியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு, 8080 என்று சேர்த்தால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தெரியும். இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை.

இப்போது 'ஸ்னாப்ஷொட்' ஒன்று எடுங்கள். இது அந்நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும். பிள்ளை எதை அழித்தாலும், எதைக் குழப்பினாலும், சில நிமிடத்தில் அந்நிலைக்குத் திரும்பலாம். பதிந்ததன் பின் செய்த வேலை போய்விடும் என்பதால், நல்ல நிலைக்கு வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று எடுப்பது நன்று.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தப் பதிவும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டு பழுதானால் மேடையும் போகும், தோட்டமும் போகும். எனவே 'எக்ஸ்போர்ட்' வசதியால் முழு இயந்திரத்தையும் ஒரே கோப்பாக்கி பென் டிரைவில் வையுங்கள். மீண்டும் இடம் மாற நேர்ந்து, கணனியை விட்டுச்செல்ல வேண்டி வந்தாலும், சட்டைப்பையில் அது கூட வரும். போன இடத்தில் வேறொரு கணனியில் ஏற்றினால் விட்ட இடத்திலிருந்தே படிப்பைத் தொடரலாம்.

ஆகவே அந்தப் பெற்றோருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: காணி உறுதியையும் மற்றப் பத்திரங்களையும் முதலில் வெளியே ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கணனியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அவர் பயமின்றிப் பிழை விடட்டும்.