ஒளிப்படப் படிகளில் கையொப்பமும் எண்ணும்

விற்பனைக்கு வரும் ஒளிப்படப் படியில் கலைஞர் கையொப்பமிட்டு, 3/20 என்பதுபோல் எண்ணும் எழுதுவது வழக்கம். மொத்தம் 20 படிகள், அவற்றில் இது மூன்றாவது என்பது பொருள். செப்புத் தகட்டைப்போல் நெகட்டிவ் தேய்வதில்லை. ஆகவே முதல் எண்ணின் அச்சு உயர்ந்தது என்பதற்கில்லை. எண் தருவது எண்ணிக்கைக்கான உறுதி மட்டுமே.

அந்த உறுதிக்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் முன்பு குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட சில படங்கள், பெரிய அளவில் டிஜிட்டல் முறையில் மீண்டும் அச்சிடப்பட்டு 2012இல் கிறிஸ்டிஸ் நிறுவனத்தில் ஏலம் போயின. பழைய படிகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், தம் படிகளின் மதிப்பு குறையும் என்று வழக்குத் தொடுத்தார். அளவும் அச்சுமுறையும் வேறு என்பதால் இவை புதிய பதிப்பே எனக் கருதிய நியூயார்க் நீதிமன்றம், 2013இல் அதைத் தள்ளுபடி செய்தது. அதனால் எண்ணோடு அளவு, தாள், அச்சுமுறை ஆகியவற்றையும் சான்றிதழில் எழுதி வாங்க வேண்டும்.