மோட்டார் எஞ்சினில் காற்றுக் கசிவு: கண்டறியும் முறை

கூட்டுறவுச் சங்கங்களின் பெட்ரோல் வண்டிகளில் காணப்படும் குறைகளுள் ஒன்று, வண்டி நிற்கையிலும் எஞ்சின் அதிவேகமாய் இரைந்துகொண்டிருத்தல். இதனால் பெட்ரோல் வீணாகின்றது. காரணம் அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றுவதால் சங்கத்தின் பணமும் வீணாகின்றது. ஆதலின், இக்குறைக்கு முக்கிய காரணமாகிய காற்றுக் கசிவைப் பற்றி அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

எஞ்சினுக்குள் செல்லும் காற்றை மட்டுப்படுத்துவது த்ராட்டில் என்னும் தகடு. ஆக்ஸிலரேட்டரை மிதியாதபோது அது ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால், தகட்டுக்கு அப்பாலுள்ள இன்டேக் குழாயில் வாக்கம், அதாவது உறிஞ்சும் விசை, உண்டாகின்றது. அங்கே துவாரம் ஏற்படின், வெளிக்காற்று தகட்டைக் கடவாமலே உள்ளே புகும். அப்பொழுது மிதியாமலே மிதித்தது போலாகி எஞ்சின் விரையும். சில சமயம் கலவை மெலிந்து உதறவும் செய்யும்.

கிணற்று பம்பின் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டுவதில்லை. காற்றே உள்ளே போகின்றது. இதுவும் அத்தகையதே. வெளியில் ஈரமோ கறையோ காணாமையால், தேடித்தான் அறிதல் வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சிறிது வேகமாய்ச் சுற்றுவது இயல்பு, அது குறையன்று. சூடேறிய பின் பெரும்பாலான கார்களில் நிமிஷத்திற்குச் சுமார் 700 முதல் 900 சுற்றே இருக்கும். அதற்கு மிக மேற்பட்டால், முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கியுள்ளதா, மிதியடி பெடலை அழுத்துகின்றதா என்று பார்க்க வேண்டும். இவை சரியாயின் பின்வருமாறு சோதிக்கலாம். சோதிக்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, துண்டையும் வேஷ்டி நுனியையும் இறுகக் கட்டிக்கொள்க. விசிறியும் பெல்ட்டும் ஆபத்தானவை.

1. ரப்பர் குழாய்கள் வெடித்தோ, கழன்றோ, இற்றோ உள்ளனவா என்று பார்த்து, ‘உஸ்’ என்ற சீறல் எங்கிருந்து வருகின்றதென உற்றுக் கேட்க வேண்டும்.

2. வாக்கம் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டினால் மெதுவாய் நெருக்குக. எதை நெருக்கியதும் வேகம் தணிகின்றதோ, பெரும்பாலும் அக்கிளையிலேயே கசிவு உள்ளது.

3. இன்டேக் குழாயின் காஸ்கட் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைச் சிறிதளவே தெளிக்கலாம். நீர் துளையை அடைத்த கணம் எஞ்சினின் ஒலி மாறும். மின்சாரக் கம்பிகளின்மேல் தண்ணீர் படலாகாது. பெட்ரோல் முதலிய தீப்பற்றும் திரவங்களைத் தெளித்தல் கூடவே கூடாது.

4. வாக்கம் கேஜ் இருந்தால், நல்ல எஞ்சினில் முள் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலத்தில் அசையாது நிற்கும். கசிவிருப்பின் தாழ்ந்து நிற்கும். மலைப்பிரதேசங்களில் 1,000 அடி உயரத்திற்குச் சுமார் 1 அங்குலம் குறைவது இயல்பு. இவற்றிலும் புலப்படாத கசிவைப் புகை செலுத்திச் சோதிக்கும் கருவியுள்ள பட்டறையில் அறியலாம்.

பிரேக் பூஸ்டரும் இதே வாக்கத்தால் வேலை செய்கின்றதென்பதை மறத்தலாகாது. எஞ்சினை நிறுத்திப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, காலை எடாமலே ஸ்டார்ட் செய்க. பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிடில் வண்டியை வெளியே அனுப்பாது உடனே பழுது பார்க்க வேண்டும்.

டிரைவர்களிற் சிலர் திருகாணியைத் திருப்பி வேகத்தை மட்டும் குறைத்துவிடுவர். அதனால் இரைச்சல் மறையுமேயன்றித் துவாரம் அடைபடாது. பூஸ்டர் குழாயே கிழிந்திருப்பின், அதைக் காட்டிய அறிகுறியும் மறைந்துபோம். இஞ்செக்ஷன் வண்டிகளில் அத்திருகாணியைத் தொடவே கூடாது. டீசல் வண்டிகளில் பூஸ்டருக்கெனத் தனிப் பம்பு இருப்பது வழக்கமாதலால், இன்டேக் குழாயின் வாக்கத்தைப் பற்றிய சோதனைகள் அவற்றிற்குப் பொருந்தா.

பெரும்பாலும் குறை ஒரு சாண் ரப்பர் குழாயிலோ ஒரு காஸ்கட்டிலோதான் இருக்கும். ஆகவே, கார்புரேட்டரையோ சென்ஸாரையோ மாற்ற வேண்டுமென்று பில் வருமாயின், கசிவு உண்டா, எச்சோதனையால் அறியப்பட்டது என்று கேட்டு, கழற்றிய உறுப்பையும் பார்த்த பின்னரே நிர்வாக சபையார் தொகையை அனுமதிப்பாராக.