மொட்டை மாடியில் மாம்பழக் கூடை

"தம்பி, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. சாமி வர்றப்ப எட்டிப் பார்க்கறேன்னு விழுந்து வச்சிடாதீங்க!"

ஆனிப் பௌர்ணமி. காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. என் காலடியில் கூடை கூடையாக மாம்பழம்! மாங்கனித் திருவிழாவைக் கீழே கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே, எறிகிறவர்கள் பக்கம் நிற்க இடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. மனசு நிலைகொள்ளவில்லை.

தொலைக்காட்சியில் இது அரை நிமிடக் காட்சி. பழம் பறக்கும், கைகள் நீளும், அடுத்த செய்தி வந்துவிடும். அதற்கு முந்தைய அரை நாள்தான் எனக்குத் தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பழம் பிரிக்கிறார்கள். கனிந்து குழைந்தது ஒரு பக்கம். அது விழுந்தால் சிதறிவிடும், கையில் கொடுத்துவிட வேண்டும். கெட்டியானது இன்னொரு பக்கம், எறிவதற்கு. பாட்டி ஒரே ஒரு பழத்தைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறார். அந்த வீட்டுக்குப் பேரன் பிறந்தால் பழம் எறிவதாக வேண்டுதல். பேரன் பக்கத்தில் தூங்குகிறான். அவன் கையைப் பிடித்து முதல் பழத்தை எறிய வைக்க வேண்டுமாம்!

அதோ, பிச்சாண்டவர் வந்துவிட்டார். எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் மாம்பழ மழை. கீழே புடவைத் தலைப்பை விரித்து ஏந்துகிறார்கள், துண்டை நீட்டுகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்ணின் கையில் ஒரு பழம் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் மேலிருந்து பார்த்தேன்.

அதே மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். "காரைக்கால் அம்மையார் கதை எல்லாருக்கும் தெரியும். சிவன் தந்த மாங்கனி, பயந்து ஓடிய கணவன் பரமதத்தன். ஆனா புனிதவதிங்கற பேரு அவங்க பாட்டுல எங்கயாவது வருதா, பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

வரவில்லை! புனிதவதி என்ற பெயரை நமக்குச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அம்மையார் தன் பதிகத்தின் முடிவில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே குறிக்கிறார். உடலை விட்டார், குடும்பத்தை விட்டார், பெற்றோர் வைத்த பெயரையும் விட்டார். ஊர்ப் பெயரை மட்டும் விடவில்லை. நாயன்மார் வரிசையில் எல்லோரும் நிற்க, அமர்ந்திருக்கும் அம்மையாரைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு இந்தக் கையெழுத்துதான் நினைவுக்கு வரும்.

இந்த ஊரைப் பற்றி வெளியே என்ன பேச்சு? இரண்டே இரண்டு. ஒன்று சரக்கு. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் வரி வேறு, விலை வேறு. வாஞ்சூர் எல்லையில் மதுக்கடைகள் இருப்பதும் உண்மை. ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி 2 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தை ஒரு பாட்டிலுக்குள் அடைத்துச் சிரிக்கவைப்பது என்ன நியாயம்?

இரண்டாவது சனி. பக்கத்துத் திருநள்ளாற்றுச் சனிபகவான் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிட்டுப் போகின்றன என்ற கதை கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் அது புத்துயிர் பெற்று வலம் வருகிறது. எனக்குத் தெரிந்த உள்ளூர் இயற்பியல் ஆசிரியர் இதை ஒரு துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் முடித்துவிட்டார். தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் பாய்கிறது. மூன்று வினாடியில் 22 கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து நாகப்பட்டினத்தையே தாண்டியிருக்கும்! அந்த வேகம்தான் அதை விழாமல் காப்பாற்றுகிறது. நின்றால் விழ வேண்டியதுதான். நின்றாற்போலத் தெரியும் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் இருக்க முடியும். திருநள்ளாறோ அதற்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. சீட்டை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போங்க, அங்க இதைவிடப் பெரிய அதிசயம் இருக்கு" என்றார் அவர்.

போனேன். விடியற்காலை. சனிபகவான் சன்னிதிக்கு நீண்ட வரிசை. நான் நேரே மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர் பக்கம் நடந்தேன். சப்தவிடங்கத் தலங்கள் ஏழில் இது ஒன்று. இங்கே இருக்கும் தியாகராசர் நகவிடங்கர், அவருக்குரியது உன்மத்த நடனம். பெயரே எப்படித் துள்ளுகிறது பாருங்கள்!

ஓதுவார் தாளத்தைக் கையில் எடுத்தார். பழந்தக்கராகப் பண்ணில் திருஞானசம்பந்தரின் நள்ளாற்றுப் பதிகம். மதுரையில் சமணரோடு அனல்வாதம் நடந்தபோது சம்பந்தர் தீயில் இட்ட ஏடு இந்தப் பதிகம்தான் என்கிறது பெரியபுராணம். ஏடு கருகாமல் பச்சையாகவே இருந்ததால் இதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர். தீயையே வென்றதாகத் தமிழர் நம்பும் பாட்டுக்கு உரிய ஊரில், கேமராக்கள் எள் விளக்கையும் ராசிபலனையும் மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன.

இதோ என்னைத் துள்ள வைத்த முடிச்சு. பதிகம் என்ற அந்த வடிவத்தைச் சம்பந்தருக்கு முன்பே பாடிக் காட்டியவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டில் பாடிய இரண்டும் 'மூத்த திருப்பதிகம்' என்றே பெயர் பெற்றன. ஒன்று நட்டபாடை, இன்னொன்று இந்தளம். காரைக்காலுக்கும் திருநள்ளாற்றுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்தான். முன்னே பாடிய பெண்ணின் ஊரும் பச்சைப் பதிகத்தின் ஊரும் ஒரே டவுன் பஸ் தடத்தில் இருக்கின்றன!

அம்மையாரின் பெருமையை அறிஞர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் வெளியீட்டு வரிசையில் முதல் எண் பெற்ற நூல் எது தெரியுமா? 1956இல் வந்த காரைக்கால் அம்மையார் பாடல்கள்! காராவேலன் என்ற தமிழறிஞர் பதிப்பித்து, பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். முன்னுரை ழான் ஃபிலியோசா. 1982இல் பிரான்சுவா குரோவின் பின்னுரையோடு மறுபடியும் வந்தது. எத்தனையோ சுவடிகளும் ஆகமங்களும் காத்திருக்க, ஒன்றாம் எண் இந்த ஊர்ப் பெண்ணுக்குப் போயிருக்கிறது.

கம்போடியாவில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த பந்தியாய் சிரே கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் மெலிந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கையில் தாளத்தோடு சோழர் காலச் செப்புத் திருமேனியாக அவரே இருக்கிறார். கடல் கடந்தவர்களுக்குத் தெரிந்தது, பக்கத்து மாவட்டத்துக்காரருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த சனிப்பெயர்ச்சிக்கு மைக்கோடு வரப்போகும் தம்பி தங்கைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். வரிசையைப் படம் பிடித்து முடித்ததும் ஓதுவாரிடம் போய்ப் பச்சைப் பதிகத்தைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிடம்தான் ஆகும். மற்றவர்களே, நீங்கள் ஆனிப் பௌர்ணமிக்கு வாருங்கள். தோளில் ஒரு துண்டு இருந்தால் போதும். மாம்பழம் மாடியிலிருந்து வரும்.