வெந்நீர்க் குழாயும் ஓர் எழுத்தும்

தமிழ் கற்பிப்போன் ஒருவன் குழாய் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகுமுன், சென்ற மார்கழியில் என் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சிறிது செவிமடுக்க வேண்டுகின்றேன்.

தலவாக்கலையின் மார்கழிக் குளிரை அங்கு வாழ்ந்தோரே அறிவர். கொத்மலை ஓயாவின்மேல் தவழும் மூடுபனி விடிந்து நெடுநேரமாகியும் விலகாது. எண்பது வயதைக் கடந்த என் அன்னையார், இளமை முழுதும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, பீலிக்கரையில் குளிர்நீராடியே பழகியவர். "இந்த வயசிலாவது அம்மா சுடுதண்ணியிலே குளிக்கட்டுமே" என்று என் மனைவி சொல்லவே, எரிவாயுவால் இயங்கும் கீசர் ஒன்று வாங்கினேன்.

கருவிக்குப் பெரும்பணம் கொடுத்த கை, குழாய்க்குக் கொடுக்கக் கூசிற்று. வேலைக்கு வந்த பாஸ், "ஐயா, இந்த பைப் சுடுதண்ணிக்குச் சரிவராது. செம்பு போடுங்க, இல்லாட்டி சுடுதண்ணிக்கென்றே இருக்கிற பிளாஸ்டிக்கைப் போடுங்க" என்றார். "எல்லாம் பிளாஸ்டிக்தானே, தம்பி!" என்று கூறி, வீட்டில் எஞ்சிக் கிடந்த குளிர்நீர்க் குழாயையே பொருத்தச் செய்தேன். மூன்றாம் வாரத்தில் அக்குழாய் துணி காயும் கொடிபோலத் தொய்ந்தது. ஒரு வைகறையில் இணைப்பு விட்டுச் சுடுநீர் அன்னையார் பாதத்தில் வீழ்ந்தது. புண் ஆற ஒரு மாதம் சென்றது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பீலித் தண்ணி சுடாது, ராசா" என்றார், அவ்வளவே.

அதன்பின்னரே கழற்றிப் போட்ட குழாயைக் கையில் எடுத்து அதன்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகளை வாசித்தேன். 'பீ.வீ.சீ.' என்றிருந்தது. வெந்நீருக்கு உரியதோ 'சீ.பீ.வீ.சீ.' வேறுபாடு ஓர் எழுத்தே. நன்னூலார் தொகுத்த நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளை மாணவர்க்கு ஒப்புவிக்கச் செய்யும் நான், இந்த ஓர் எழுத்தைக் காணாது விட்டேன். முன்னின்ற 'சீ', குளோரின் மிகுதியாக ஏற்றப்பெற்றது என்பதைக் குறிப்பதாம். அவ்வேற்றமே அதற்கு வெப்பம் தாங்கும் ஆற்றலை அளிக்கின்றது. பீ.வீ.சீ. 60 பாகை வெப்பத்தில் தன் அழுத்தந் தாங்கும் வலிமையில் ஐந்தில் ஒரு பங்களவே உடையதாகும். அதற்குமேல் அதனை நம்புதல் தகாது. சீ.பீ.வீ.சீ.யோ 82 பாகையிலும் வீட்டு நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே, 'செம்பா, பிளாஸ்டிக்கா?' என வினவுமுன், 'எந்தப் பிளாஸ்டிக்?' என வினவுதல் வேண்டும்.

இனிச் செம்பின் இயல்பு காண்போம். செம்மை நிறத்தாற் பெயர்பெற்ற இவ்வுலோகம் நமக்கு நெடுநாள் உறவினது. அரசர் கொடையைச் செப்பேட்டில் பொறித்தோம். நீர் முகக்கும் கலத்துக்கும் 'செம்பு' என்றே பெயரிட்டோம். கீசரின் வெப்பம் அதனை அசைக்காது. வெப்பத்தால் நீளுதலும் குறைவு. 10 மீற்றர் நீளக் குழாயில் வெப்பம் 40 பாகை ஏறுமாயின், செம்பு 7 மில்லிமீற்றரளவே நீளும், சீ.பீ.வீ.சீ. ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளும். அந்நீட்சிக்கு இடம் விடாது சுவரில் இறுகப் பிணித்தால் இணைப்புகள் நாளடைவில் நோகும்.

எனினும் செம்பு குறையற்றதன்று. விலை மிகுதி, பற்றவைக்கக் கைதேர்ந்தவர் வேண்டும், பற்றாசும் ஈயங் கலவாததாயிருத்தல் வேண்டும். அன்றியும் நம் மலைநீரின் தன்மையையும் நோக்குதல் தகும். மழையால் ஊறும் மலையூற்று நீர் பெரும்பாலும் மென்னீர். சிறிது அமிலத்தன்மையும் உடையதாயின் செம்பை மெல்ல அரிக்கும். தொட்டியில் நீலப்பச்சைக் கறை படிதல் அதன் அறிகுறி. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோது, அதனை அடக்கத் தெளிக்கப்பெற்றதும் செம்பு மருந்தே. நம்மூர்ச் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருத்தலால் இச்செய்தி இங்குள்ளார்க்குப் புதிதன்று. பூஞ்சணத்தைக் கொல்லும் பொருள் குடிநீரில் அளவோடிருத்தல் வேண்டுமன்றோ? இலீற்றர் ஒன்றுக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த அளவு. எனவே செப்புக் குழாயில் இரவெல்லாம் தேங்கிய நீரைக் காலையில் சிறிது ஓடவிட்ட பின்னரே பருகுதல் நன்று.

அவ்வாறாயின் எதனைக் கொள்வது? குளிர்நாடாகிய பிரித்தானியாவில், வீட்டுக் கொதிகலனை அடுத்த முதல் 1 மீற்றர் தூரம் செம்பு, அதற்கப்பால் வெந்நீருக்குரிய பிளாஸ்டிக் எனப் பொருத்தும் வழக்கம் உண்டு. சுடரை அடுத்த இடத்து வெப்பத்தைத் தாங்க உலோகம்; நெடுவழிக்குச் செலவு சுருங்கப் பிளாஸ்டிக். என் இல்லத்திலும் இப்போது அவ்வாறே அமைத்துள்ளேன். முன்பு நான் சொற்கேளாத அதே பாஸை அழைத்து, பிழை பொறுக்குமாறு வேண்டியே வேலையை ஒப்படைத்தேன். குழாய் நெடுகிலும் நுரைப்பஞ்சு உறை போர்த்தினார். போர்வையின்றேல் எக்குழாயும் வழியிலேயே வெப்பத்தை இழக்கும். கீசரையும் குளியலறையினின்றும் அகற்றிக் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில் மாட்டினார். குளிருக்கு அஞ்சிக் கதவு சாளரங்களை அடைத்த அறையுள் எரிவாயு எரியுமாயின், மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு நச்சுவாயு உண்டாகி உயிரையே கவரும். இது குழாயினும் பெரிய செய்தி.

ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வர்களே! வாசித்தல் ஏட்டோடு முடிவதன்று. கடையிற் குழாய் வாங்குமுன் அதன்மேல் எழுதியிருப்பதை ஒருமுறை வாசியுங்கள். கைத்தொழில் வல்லார் சொல்லுக்குச் செவி கொடுங்கள்.

அன்னையார் பாதத்தில் அத்தழும்பு இன்னும் உளது. இப்போது வெந்நீரில் நாள்தோறும் குளிக்கின்றார். ஆயினும் குழாயைத் திறந்ததும், முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்த பின்னரே காலை நீட்டுகின்றார்.