மேலே தழை, கீழே குழி!

பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால், சில வீடுகளில் குழித்தறியைப் பார்க்கலாம். நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருப்பார். அந்தக் குழியில் யாரும் தவறி விழுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற குழி அல்லவா?

தெரியாத குழிக்குத்தான் ஆங்கிலத்தில் ‘பிட்ஃபால்’ என்று பெயர். ‘பிட்’ என்றால் குழி, ‘ஃபால்’ என்றால் விழுவது. ஆகவே குழியில் விழுவது என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அங்கேதான் அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது! பழைய ஆங்கிலத்தில் அந்த ‘ஃபால்’ பொறியைக் குறித்த சொல். எலிப்பொறியின் பெயரிலும் அது இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் பொறிக்கு ‘ஃபாலே’ என்றே பெயர். மிருகங்களைப் பிடிக்கக் குழி வெட்டி, மேலே தழை பரப்பி மறைத்து வைப்பார்கள். அதுதான் பிட்ஃபால். பிற்பாடு, மறைந்திருக்கும் அபாயங்களுக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது.

நமக்கும் இது புதிதல்ல. யானை பிடிக்கும் குழியைச் சங்கப் புலவர்கள் ‘பயம்பு’ என்றார்கள். ஆனைமலைக் காடுகளில் சென்ற நூற்றாண்டிலும் இப்படி யானை பிடித்தார்கள். குழியைவிட அதை மூடிய தழைதான் பொல்லாதது!

இனி, பெண்ணின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷச் சேமிப்பு கைப்பையில் இருக்கிறது. புடவை தகதகவென்று மின்னுகிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. போலியில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கலாம். வெறும் பிளாஸ்டிக் இழையாகவும் இருக்கலாம். கடை விளக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஜொலிக்கும்!

“பட்டு முத்திரை இருக்கிறதே!” என்பீர்கள். 2004-ல் வந்த அந்த ‘சில்க் மார்க்’ முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்பதற்குத்தான் அத்தாட்சி, ஜரிகைக்கு அல்ல. முந்தானை ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துப் பாருங்கள். அசல் ஜரிகையின் உள்ளே வழக்கமாகச் சிவப்புப் பட்டு நூல் இருக்கும். ஆனால் சாயம் ஏற்றிய நூலைப் போலியிலும் வைக்கலாம். ஆகவே ஜரிகையைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். என்ன ஜரிகை என்பதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

வெளுத்ததெல்லாம் பாலாகாது, மின்னுவதெல்லாம் பொன்னாகாது என்பது நம் பாட்டிமார் சொன்னதுதானே? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், சகோதரிகளே! தழையை விலக்கிவிட்டால், அதுவும் தறிக்குழி மாதிரிதான். கண்ணுக்குத் தெரிந்த குழியில் யார் விழப் போகிறார்கள்?