மண்ணுக்கு முன்னால் பையனின் ரத்தம்

“வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் பழைய பேட்டரி உடைத்து உருக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறார். கொல்லையில் கீரை போட்டிருக்கிறோம். நாலு வயசுப் பையன் அங்கேயேதான் விளையாடுகிறான். மண் பரிசோதனையில் ஈயம் இருப்பது தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார் குன்றத்தூர் வாசகி ஒருவர்.

மண்வள அட்டையில் தெரியாது, சகோதரி. அதிலுள்ள 12 விவரங்களில் ஈயம் கிடையாது. தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் மண் மாதிரி எடுக்கச் சொல்லும் நானே, உங்களிடம் முதலில் பையனின் ரத்தத்தைப் பாருங்கள் என்கிறேன்.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேரும். வெளியே எதுவும் தெரியாது. படிப்பும் கவனமும்தான் மெல்லக் குறையும். பெட்ரோலில் ஈயத்தை 2000-லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி பங்கேற்று 2009-ல் வெளியான ஆய்வில், சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளின் சராசரி, 100 மில்லி ரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் அதிகம் என்று ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. உலக சுகாதார நிறுவனமோ 5 இருந்தாலே காரணத்தைத் தேடி நிறுத்தச் சொல்கிறது. 45-ஐ எட்டினால் மருந்து கொடுத்து வெளியேற்ற வேண்டிவரும்.

குழந்தை மருத்துவரிடம் அப்பாவின் வேலையைச் சொல்லி, ‘ரத்தத்தில் ஈயம்’ பார்க்க எழுதி வாங்குங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கில் சேர்ந்துவிடும். கையில் ஊசி போட்டு எடுப்பதே சரி. ரத்தத்திலுள்ள ஈயம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். மீதியில் ஒரு பகுதி எலும்பில் போய் வருஷக்கணக்கில் தங்கும். அதனால் இன்றைய எண் அண்மைக்காலக் கதையை மட்டுமே சொல்லும். சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரர் வேலைத் துணியை அங்கேயே மாற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பையனை வெறும் வயிற்றில் விடாதீர்கள்; இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். கேழ்வரகு, முட்டை, பால் கொடுங்கள். தரையொட்டிய கீரையில்தான் மண்தூசி ஒட்டும். அந்தப் பாத்தியில் இப்போதைக்குக் கத்தரியோ வெண்டையோ வையுங்கள். காய்க்கு ஈயம் அதிகம் ஏறாது.

மஞ்சளையும் விடாதீர்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசும் வியாபாரிகள் உண்டு. பளபளப்பாக மெருகேற்றிய கிழங்கைத் தவிர்த்துவிடுங்கள்.

எண் தெரிந்ததும் எழுதுங்கள். கொல்லை மண்ணை அப்போது பார்ப்போம்.