விளக்கு வைத்தபின் கூடும் கலாசாலை

கண்டி மாநகரிலிருந்து வத்துகாமம், பன்வில வழியாக வளைந்து வளைந்து மேலேறும் பாதையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில், மடுல்கெல்ல என்னும் சிற்றூர் இருக்கிறது. மடக்கிய கையின் விரல் முட்டுகளைப் போல் வரிசையாக எழுந்து நிற்கும் அம்மலைகளைக் காணவென்றே தூர தேசத்தார் பலர் இங்கு வருகின்றனர். நாம் சென்றது மலை காண அன்று. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்படும் பஸ் வண்டியில் ஏறுவோரைக் காண.

மூடுபனி விலகாத அவ்வேளையில் வண்டிக்குக் காத்திருந்தோர் பத்துப் பன்னிருவர். கண்டிச் சந்தைக்குக் காய்கறி மூட்டையுடன் போவோர் சிலர். பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினருக்குச் சோற்றுப் பொதி கொண்டு போவோர் சிலர். அவர்களிடையே, தலையிற் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓர் அம்மையார் நின்றார். பையினுள் இருந்தது சோறும் அன்று, துணியும் அன்று. நான்கு கொப்பிகளும் ஒரு வரலாற்று நூலுமே. வயது முப்பத்தாறு, இரு மக்களுக்குத் தாய். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை நாள் முழுதும் பராமரிக்கும் பணி அவருடையது. வெளிவாரி மாணவியாகப் பெயர் பதிந்து, தமிழ், வரலாறு, இந்து நாகரிகம் என்னும் மூன்று பாடங்களிற் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்து வருகிறார். ஞாயிறு தோறும் கண்டியில் நடைபெறும் வகுப்புக்கு இந்த வண்டியை விட்டால் உரிய நேரத்திற் சென்று சேர வழியில்லை.

அவரது பெயரை இங்கு எழுதுவதாக இல்லை. “பரீட்சையில் தேறிய பிறகு எழுதுங்கள் ஐயா, இப்போது வேண்டாம்” என்றார். நியாயந்தானே!

பகலெல்லாம் உழைத்து, விளக்கு வைத்தபின் ஏடு விரிப்பது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையிலே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் நடத்திய பண்டிதப் பரீட்சையை எழுதியோரில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர் பலர். யாழ்ப்பாணத்தில் 1921இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படிகளிற் பரீட்சை நடத்தி வந்தது. பகலிற் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவிலே இலக்கணமும் இலக்கியமும் பயின்று அப்பரீட்சைகளுக்குத் தோற்றிய கிராமத்து ஆசிரியர்களால் தமிழ் அடைந்த நன்மை கொஞ்சமன்று.

காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் என்னும் இளைஞர் 1916இல் மதுரைச் சங்கத்தின் பண்டிதரானார். பின்னர் யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகப் பணி புரிந்துகொண்டே, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பரீட்சைக்குத் தாமாகவே படித்து 1920இல் தேறினார். கல்லூரிக்கு வந்து கற்காதவர்க்கும் 1858ஆம் ஆண்டிலேயே தன் பரீட்சைகளைத் திறந்துவிட்ட பல்கலைக்கழகம் அது. அவ்விளைஞர்தாம் பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர் எனத் துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்பு 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி வகித்து, யாழ் நூலை இயற்றியவர். பட்டம் பெற்றது விஞ்ஞானத்தில், புகழ் பெற்றது தமிழில்! தாமாகப் படிப்போரின் பாதை இப்படித்தான் நேர்கோடாகச் செல்வதில்லை.

தமிழகத்தில் டாக்டர் மு. வரதராசனார் கதையும் இதுபோன்றதே. திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், உடல் நலம் குன்றி அப்பணியை விட்டார். தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராக வந்தார். பின் ஆசிரியராக இருந்துகொண்டே அடுத்தடுத்த பட்டங்களைப் பெற்று 1948இல் டாக்டர் பட்டமும் எய்தினார்.

இவ்வளவு பெரிய பெயர்களை எடுத்தவுடன், “அவர்கள் மேதைகள், பிள்ளைக் காம்பராப் பெண்ணுக்கும் அவர்களுக்கும் என்ன பொருத்தம்?” என்று நேயர்கள் வினவலாம். பொருத்தம் மேதையில் அன்று, நேரத்தில். எவருக்கும் நாளொன்றுக்கு நாழிகை அறுபதுதான்.

நமது அம்மையாரின் நாளைக் கேளுங்கள். காலை நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். பெரட்டுக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட வருமுன் காம்பராவைத் திறக்க வேண்டும். மாலையிற் கடைசிக் குழந்தை போன பின்பே அவருக்கு விடுதலை. கணவர் கொழும்பிலே கடைச் சிப்பந்தி. மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீடோ பழைய லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும், முன்னால் ஓர் இஸ்தோப்பும். பிள்ளைகள் உறங்கும் அறையில் விளக்கெரிக்க முடியாது. ஆதலின் இரவு ஒன்பது மணிக்கு மேல், இஸ்தோப்பில் சாக்கை விரித்து, மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கிறார். பனி இறங்கும், மழை நாளில் அட்டையும் ஏறும். பத்தரைக்கு மேல் கண் தாங்காது. ஆக ஒன்றரை மணி நேரம். அதுவே அவரது கலாசாலை.

வாரத்துக்கு அந்த ஒன்பது பத்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு பட்டம் பெற இயலுமா? இயலும், ஆனால் ஆண்டுகள் கூடும். இதை முன்னரே குடும்பத்தாருக்குச் சொல்லிவிடுவது நல்லது. சென்ற ஆண்டு எழுதிய பரீட்சையில் இவர் ஒரு வினாத்தாளில் தவறினார். அதே ஆண்டில் வகுப்பு நாளை மாற்றியதை எவரும் அறிவிக்காமையால், விடியுமுன் எழுந்து கண்டி வரை சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய நாளும் உண்டு. அன்று மாலை, “இனிப் படிப்பு வேண்டாம்” என்று கொப்பிகளைக் கட்டிப் பரணிற் போட்டாராம்.

அவற்றை இறக்கியவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? மாமியார்!

அந்த மூதாட்டி முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். எழுத்து வாசனை அறியாதவர். மருமகள் படிக்கப் போகிறாள் என்றதும் அவர் முதலிற் கேட்ட கேள்வி, “படிச்சா பேரு கூடுமா?” என்பதுதான். தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் கணக்கு. கலைப்பாடம் படிப்போரை நோக்கி உலகம் கேட்கும் கேள்வியை அவர் மூன்றே சொல்லிற் கேட்டுவிட்டார். பட்டம் பெற்றும் வேலைக்குக் காத்திருக்கும் கலைப் பட்டதாரிகள் நம் நாட்டில் மிகப் பலர். வெளிவாரிப் பட்டம் என்றவுடன் முகஞ் சுளிப்போரும் உளர். ஆசிரியர் நியமனம் கிடைக்கக் கூடும், கிடைக்காமலும் போகலாம். இதை மறைத்துப் பேசுவதில் நமக்கு விருப்பமில்லை. ஆயினும் கேள்வியைக் கேட்ட அதே மாமியார், தமது சேமலாபப் பணத்திலிருந்து பதிவுக் கட்டணத்தை எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லாமலிருக்க இயலாது.

கூடப் படிப்போர் எவரும் அருகில் இல்லாமையால் நம் அம்மையார் ஒரு வழி கண்டார். படித்ததை உரத்து வாசித்து மாமியாருக்குச் சொல்வது. கிழவியார் வெற்றிலை இடித்தபடி கேட்டிருப்பார். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்த காலம், மன்னார்க் கரையிறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர் பட்ட பாடு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது, இவையெல்லாம் அவர் செவியில் விழுந்தன. “நம்ம தாத்தா சொன்ன கதைதானே, இதுக்கா பரீட்சை?” என்று சிரிப்பாராம்.

ஓரிரவு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முடிந்து, 1964ஆம் ஆண்டு அக்டோபரிற் செய்துகொண்ட ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவராக எண்ணப்பட்டோர் 9 இலட்சத்து 75 ஆயிரம். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று மருமகள் எண்களை மனனம் செய்துகொண்டிருந்தார். உலக்கைச் சத்தம் நின்றது. “அந்த அஞ்சு லட்சத்துல ஒண்ணு எங்க அண்ணன்” என்றார் கிழவியார்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போன அண்ணனை அவர் மறுபடி காணவில்லை. நீலகிரிப் பக்கம் இருப்பதாக இரண்டு கடிதம் வந்ததாம், பிறகு இல்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போனார் என்றே அவர் ஐம்பதாண்டு காலம் நம்பியிருந்தார். போகும் நாளுக்கு முன் வீட்டில் ஒரு சண்டை நடந்ததாம். போனது கோபத்தால் அன்று, இரு நாட்டுத் தலைவர்கள் புதுடில்லியில் இட்ட கையொப்பத்தால் என்று மருமகளின் கொப்பி அன்றைக்குச் சொல்லிற்று.

கலைக் கல்வியின் பயன் யாதெனக் கேட்போருக்கு நாம் நீண்ட விளக்கம் வைத்திருந்தோம். இதைக் கேட்ட பின் அதை எழுத மனம் வரவில்லை.

தமிழ்ப் பாடமும் அவர்களுக்கு அயலானதன்று. இவ்வூர்களிலே மாசி மாதத்தில் ஆடும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும் இன்று ஆராய்ச்சிக்குரிய பொருள்கள். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984). அவ்வரிசையில் இன்னும் தொகுக்கப்படாதவை எத்தனையோ கிழவிமாரின் நாவிலே கிடக்கின்றன. இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாக ஏற்றது எழுபதுகளின் பிற்பகுதியிலேதான். அந்த இடைவெளியிற் படிக்காது போனவர்களின் மக்களே இன்று முப்பதிலும் நாற்பதிலும் ஏடு விரிக்கின்றனர்.

இவ்வழியில் இறங்க விரும்புவோர்க்கு இரண்டு சொல். வெளிவாரி முறையிற் பல்கலைக்கழகம் பாடத்திட்டமும் பரீட்சையும் தரும்; படிப்பது பெரும்பாலும் நம் பொறுப்பு. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமோ அச்சிட்ட பாட நூல்களைக் கொடுத்து, இடையிடையே ஒப்படைகளும் வகுப்புகளும் வைத்து நடத்துவது, கட்டணம் உண்டு. அதன் கண்டிப் பிரதேச நிலையம் மகாவலி அணைக்கட்டுள்ள பொல்கொல்லையில் இருக்கிறது. தனியே படிக்கும் பழக்கமுள்ளவர்க்கு முன்னது. அவ்வப்போது தட்டிக் கேட்க ஒருவர் வேண்டுமென்போர்க்குப் பின்னது ஏற்றது என்பது நம் எண்ணம். எவ்வழியாயினும், பணம் கட்டுமுன் எந்த மொழியில் எப்பாடம் உண்டு, பாட நூல் தமிழிற் கிடைக்குமா, தவறினால் மீண்டும் எழுதும் விதி யாது என்பவற்றை நேரிற் சென்று விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தரகர் வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தோரை நாம் அறிவோம்.

வீட்டிலுள்ள ஆடவர்க்கும் ஒரு வேண்டுகோள். கணவர் வரும் அந்த ஒரு வாரக் கடைசியில் சமையல் அவருடையதாம். பருப்பிலே உப்பு அதிகம் என்று பிள்ளைகள் புகார் கூறினர். ஆனால் அன்று அம்மா முற்பகல் முழுவதும் படித்தாள் என்பதையும் அவர்களே பெருமையோடு சொன்னார்கள்.

தவறிய வினாத்தாளை வருகிற பரீட்சையில் அவர் மறுபடி எழுதுகிறார். நாம் விடைபெறும்போது மாமியார் வாசல் வரை வந்தார்.

“அந்தப் பாடத்துல எங்க அண்ணன் பேரு எங்கயாச்சும் வருமா ஐயா?”

நாம் பதில் சொல்லத் தடுமாறியதைக் கண்டு மருமகளே சொன்னார்: “பேரு வராது மாமி, கணக்குத்தான் வரும். பேரை நான் என் கொப்பியில எழுதி வச்சிருக்கேன்.”

கீழே பன்விலப் பக்கமிருந்து வண்டியின் ஊது குரல் கேட்டது. மருமகள் விளக்கைப் போட்டுவிட்டுச் சாக்கை விரித்தார்.